‘ஸ்லிப்’ சொல்லின் பல பொருள்கள்

கேள்வி: ‘ஸ்லிப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வழுக்குதல் தவிர வேறு பொருள்கள் உண்டா?

பதில்: கால் வழுக்குவதே ‘ஸ்லிப்’பின் அடிப்படைப் பொருள். கவனக்குறைவால் நேரும் சிறு பிழையும், வாய் தவறி வரும் சொல்லும் அதிலிருந்து கிளைத்தவை. உள்ளே அடக்கிய எண்ணமே இப்படி நாக்குப் பிறழ்ச்சியாக வெளிப்படுகிறது என்று சிக்மண்ட் ஃபிராய்டு 1901-இல் விளக்கியதால், அது அவர் பெயராலும் வழங்குகிறது.

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரை அடுத்து ஆஃப் பக்கமாக உள்ள இடம் ஸ்லிப். மட்டை விளிம்பில் பட்டு வரும் பந்தைப் பிடிக்கவே அங்கே ஆள் நிறுத்தப்படுகிறார். இண்டக்‌ஷன் மோட்டாரில், சுழலும் காந்தப்புலத்தைவிட ரோட்டார் பின்தங்கும் அளவுக்கும் இதுவே பெயர்.

சம்பள ஸ்லிப், பூத் ஸ்லிப் ஆகியவற்றில் துண்டுச் சீட்டையும், மண்பாண்டக் கலையில் நீர்த்த களிமண்ணையும் குறிக்கும் ‘ஸ்லிப்’களை ஆங்கில அகராதிகள் தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன.