ஊருக்கு வெளியே கடை வளாகம்: எதை வாங்குவது, எதை விடுவது

நெடுஞ்சாலையை ஒட்டி, பல கடைகளுக்கும் சேர்த்து ஒரே கார் நிறுத்துமிடம் வைத்து, ஊருக்கு வெளியே கட்டப்படுவது சாலையோர வணிக வளாகம். ஓர் உதாரணம்: ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே சுமார் 11 கிலோமீட்டர்தான். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரு ஊர்களையும் இணைக்கிறது. குற்றாலச் சீசன் வண்டிகளும் சபரிமலை வண்டிகளும் இதில்தான் ஓடுகின்றன. இந்தப் போக்குவரத்தைக் காட்டியே இங்கு மனையும் கடையும் விலை பேசப்படுகின்றன. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே, அப்பா சொன்னார் என்றோ நண்பன் வாங்கினான் என்றோ கடன் வாங்கி முன்பணம் கட்டும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள்.

சாலை முகப்பில் சொந்த நிலம் உள்ளவருக்கு நீண்ட குத்தகையே நல்லது. பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட், வாகன ஷோரூம் நடத்துவோர் தம் செலவில் கட்டிக்கொள்வார்கள்; வாடகை குறைந்தாலும் நிலம் கையை விட்டுப் போகாது. தமிழ்நாட்டில் 30 ஆண்டு வரையிலான குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதைத் தாண்டி 99 ஆண்டு வரை 4 சதவீதம் என்பதால் 30க்குள் நிறுத்துவதே வழக்கம். நஞ்சையாக இருந்தால் நிலப் பயன்பாட்டை மாற்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தோடு மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. மேற்கே மலையடிவாரம் என்றால், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளும் குறுக்கிடுமா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். பில்டரோடு கூட்டுச் சேர்வது இரண்டாவது வழி. பொது அதிகாரப் பத்திரத்தில் காலக்கெடுவும் கடைகளின் பங்கும் தெளிவாக இருந்தால் அதில் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் மூன்றாவது வழியில் இருக்கிறது: வளாகத்துக்குள் ஒரு கடையை மட்டும் விலைக்கு வாங்குவது. “மாதாமாதம் உறுதி வாடகை” என்று விளம்பரம் வருவது இதற்குத்தான். ஒரு கடை 40 லட்சம், மூன்று வருடத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 லட்சத்து 40 ஆயிரம் வரும். அதே அளவு கடை வெளியே 28 லட்சத்துக்குக் கிடைக்குமானால், கூடுதலாகக் கொடுத்த 12 லட்சமே தவணையாகத் திரும்பி வருகிறது. நான்காம் வருடம் உண்மை வாடகை மாதம் பத்தாயிரம் என்று தெரியவரும்போது, ஆண்டு வருமானம் 3 சதவீதம்.

கணக்கைவிட மோசம் உரிமையின் தன்மை. வளாகம் பிழைப்பது எந்தக் கடையை எங்கே வைப்பது, யாரை வெளியேற்றுவது என்று ஒருவர் முடிவெடுக்க முடிவதால். பெரிய துணிக்கடையோ சூப்பர் மார்க்கெட்டோ முன்னால் இருந்தால்தான் பின்னால் இருக்கும் செருப்புக்கடைக்கு ஆள் வரும். ஐம்பது பேருக்கு ஐம்பது பத்திரம் எழுதிக் கொடுத்த இடத்தில், பெரிய கடைக்காரர் ஐம்பது பேரிடமும் பேச வேண்டும். அவர் பேச மாட்டார், வேறு இடம் பார்ப்பார். சென்னை அண்ணா சாலையின் ஸ்பென்சர் பிளாசாவில் கடைகள் பலருக்குச் சொந்தம். 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ பேரங்காடி திறந்த பிறகு ஸ்பென்சரின் பொலிவு மங்கியது. புதிய பேரங்காடிகளை நடத்துவோர் கடைகளை விற்காமல் வாடகைக்கு மட்டும் விடுவதற்கு இதுவே காரணம். பராமரிப்புக் கட்டணமும் வேறு இருக்கிறது: கடை பூட்டிக்கிடந்தாலும் உரிமையாளர் அதைக் கட்டியாக வேண்டும்.

திருவிழாக் கூட்டமும் கணக்கில் சேராது. ஆடிப்பூரத் தேருக்கு வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றியே நிற்பார்கள், பால்கோவாவும் அங்கேயே வாங்குவார்கள். நான்குவழிச் சாலை ஊரைச் சுற்றிப் போகும்போது பழைய சாலை முகப்பின் விலையும் மாறும்.

கடை நடத்தத் தெரிவது ஒரு திறமை, கடையை வாடகைக்கு விட்டு நிர்வகிக்கத் தெரிவது வேறு. வாடகைக்காரரோடு பேசி முடிக்கும் பொறுமை இல்லாதவர் எந்தக் கட்டடம் வாங்கினாலும் தவிப்பார். சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர் இரண்டு மூன்று வருடம் ஊருக்குள் வாடகைக் கடையில் இருந்து பழகட்டும். தனக்கு வியாபாரம் வருமா வராதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கையில் பணம் மட்டும் உள்ளவருக்கு ரீட் (REIT) எனும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகள் உண்டு. பேரங்காடிகளுக்கென்றே அமைந்த நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் 2023 மே மாதம் பங்குச்சந்தைக்கு வந்தது. சென்னை வடபழனி விஜயா பேரங்காடியும் அதில் அடக்கம். பங்கிடத்தக்க நிகரப் பணவரவில் குறைந்தது 90 சதவீதத்தை அலகுதாரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது செபியின் விதி. அலகின் விலை ஏறும், இறங்கும். ஆனால் நினைத்த நாளில் விற்கலாம்.

இதற்குப் பிறகும் தனிக்கடைதான் வேண்டும் என்பவர், திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா என்று பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் எட்டுக்கு மேற்பட்ட கடைகளும் இருந்தால் பதிவு கட்டாயம். வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். விலையைக் கார்ப்பெட் ஏரியா எனப்படும் உள்பரப்புக்கே பேச வேண்டும். வில்லங்கச் சான்று, பிரிபடாத நிலப் பாகம், கார் நிறுத்துமிடம் யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்றையும் முன்பணம் கொடுக்கும் முன்பே ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.