'வார்டு' என்னும் நாசகாரிக் கப்பல்

வரலாற்று மாணவனாகிய நான், பேர்ல் துறைமுகத் தாக்குதலை ஜப்பானிய விமானங்களிலிருந்தே தொடங்கிப் படித்து வந்தேன். அன்று முதலில் சுட்டது 'வார்டு' என்னும் பழைய அமெரிக்க நாசகாரிக் கப்பல் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

முதல் உலகப் போரின் அவசரத்தில், கலிபோர்னியாவின் மேர் தீவுத் தளத்தில் கட்டுமானம் தொடங்கிய பதினேழாம் நாளே, 1918 ஜூன் 1இல், அது நீரில் இறக்கப்பட்டது. (நம் கடற்கரையில் ஒரு தோணி கட்டவே அதைவிட நாளாகும்!) 1921 முதல் ஏறக்குறைய இருபதாண்டு சும்மா கிடந்து, 1941 ஜனவரியில் மீண்டும் பணிக்கு வந்தது.

1941 டிசம்பர் 7 அதிகாலையில், துறைமுக வாயிலை நோக்கி வந்த ஜப்பானியச் சிறு நீர்மூழ்கியை வார்டு சுட்டு மூழ்கடித்தது. கப்பல் தலைவர் அவுட்டர்பிரிட்ஜ் 6.53 மணிக்கே கரைக்குச் செய்தி அனுப்பிவிட்டார். கரையிலோ, அதை உறுதி செய்து கொள்ளக் காத்திருந்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே விமானங்கள் வந்தன. கிடைத்த அந்த ஒரு மணியை வீணடித்ததுதான் எனக்குப் பெரும் பிழையாகத் தோன்றுகிறது.

சரியாக மூன்றாண்டு கழித்து, 1944 டிசம்பர் 7இல், துருப்புக் கப்பலாக மாற்றப்பட்டிருந்த வார்டு, பிலிப்பைன்ஸின் ஓர்மாக் விரிகுடாவில் தற்கொலை விமானம் மோதித் தீப்பற்றியது. அதைச் சுட்டு மூழ்கடிக்கும் வேலை 'ஓபிரையன்' கப்பலுக்கு வந்தது. அதன் தலைவர் அதே அவுட்டர்பிரிட்ஜ்!

நீர்மூழ்கியை வார்டு அடித்ததா என்ற ஐயம் மட்டும் நெடுநாள் நீடித்தது. 2002இல் அது கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் மேற்கூண்டில் குண்டு துளைத்த ஓட்டை இருந்தது.