கேமரா பை எத்தனை கிலோ?



போன மாதம் உள்கடன் வட்டிக் கணக்கு பற்றிப் பார்த்தோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. இதற்குக் காரணம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நம் குழுக்களில் ஒன்றில் நடந்த கூட்டம். அதில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் குழுவில் ஓர் உறுப்பினருக்குச் சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. வீட்டுக்காரரின் தம்பி வைத்திருக்கும் ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை செய்துகொண்டே போட்டோ எடுக்கவும் கற்றுக்கொண்டார். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்றால் பெண்கள் அவரைத்தான் கேட்கிறார்கள். பெண் போட்டோகிராபர் என்றால் வீட்டுக்குள் கூச்சமில்லாமல் நிற்கலாம் அல்லவா! சொந்தக் கேமரா வாங்க 40,000 ரூபாய் கடன் கேட்டார். கூட்டத்தில் ஒருவர், "அவ்வளவு சாமானைத் தூக்கிக்கிட்டு இவ எப்படிம்மா மண்டபம் மண்டபமா ஏறுவா? கீழே விழுந்து கேமரா உடைஞ்சா தவணை யாரு கட்டுறது?" என்றார். மற்றவர்கள் பேசவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்.

கேட்ட கேள்வி தப்பான கேள்வி அல்ல. அதற்குப் பதில் தேடாமல் விட்டதுதான் தப்பு. இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனோம். ஸ்டுடியோ பையை அப்படியே தூக்கிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். கடைக்காரர் சிரித்தார், ஆனால் எடை போட்டுக் கொடுத்தார். மொத்தம் 11 கிலோ 400 கிராம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டோம். லென்ஸோடு கேமரா 1,400 கிராம். தூரத்தில் இருப்பதை எடுக்கும் பெரிய ஜூம் லென்ஸ் 1,500. பேட்டரியோடு இரண்டு பிளாஷ் 1,000. டிரைபாட் என்கிற மூன்று கால் ஸ்டாண்டு 2,700. எல்.இ.டி. லைட்டும் அதன் கம்பியும் 2,600. சார்ஜர், ஒயர், மாற்று பேட்டரி 900. வெறும் பை மட்டும் 1,300!

இதில் படம் எடுக்கும் நேரத்தில் கையில் இருக்க வேண்டியது கேமராவும் ஒரு பிளாஷும்தான். 1,900 கிராம். மீதி 9 கிலோ 500 கிராம் அவர் உடம்பின் மேல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பெண்களுக்கு இது தெரிந்த விஷயம். பாகங்களை யாரும் தோளில் சுமந்து லைனுக்குக் கொண்டுபோவதில்லை. டிராலியில் வைத்துத் தள்ளுகிறோம். அங்கே கற்றதை இங்கே செய்தால் என்ன?

முதலில் கால். போலியோ வந்தவர்களில் பலர் முட்டி மடங்கிவிடாமல் இருக்க ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடப்பார்கள். நம் உறுப்பினரும் அப்படித்தான். ஒரு கை தொடைக்குப் போய்விட்டால் கேமராவுக்கு ஒரு கைதான் மிச்சம். சின்ன வயதில் அவருக்கு ஒரு காலிப்பர் கொடுத்திருக்கிறார்கள். வளர்ந்ததும் அது சேரவில்லை, பரணில் போட்டுவிட்டார். பிறகு யாரும் கேட்கவும் இல்லை, அவரும் போகவில்லை. முட்டியைப் பூட்டி நிறுத்தும் காலிப்பர் சரியான அளவில் இருந்தால் அந்தக் கை விடுதலையாகும். இப்போது எடை குறைந்த பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். சென்னை கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் அளவெடுத்துச் செய்கிறார்கள். அளவெடுக்கும் முகாம் எப்போது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். கேமராவுக்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான் இதுதான் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014 மார்ச்சில் சான்று பெற்றது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் நம்மிடையே வேலை செய்யும் வயதில் இருக்கிறார்கள். போலியோ வந்து பல வருடங்கள் கழித்து, நன்றாக இருந்த தசைகளிலும் புதிதாகச் சோர்வும் பலவீனமும் வரலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அளவுக்கு மீறி உழைத்தால் அது கூடும். ஆகவே "இப்ப தூக்க முடியுதே, தூக்கிடறேன்" என்பது தைரியம் அல்ல. நாளைய காலை இன்றே செலவழிப்பது. முட்டித் தேய்மானம் உள்ள அக்காமார்களும் இதைக் கவனிக்கவும்.

அடுத்து கைத்தடி. சாதாரண விஷயம்தான், ஆனால் பத்துப் பேரில் எத்தனை பேர் சரியாகப் பிடிக்கிறோம்? பலவீனமான கால் பக்கம் அல்ல, நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, தடியின் பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பலவீனமான காலும் தடியும் முதலில். அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். மண்டபத்துச் சமையல்கட்டு ஈரத்தில் வழுக்கினால் தடியால் பயனில்லை. அக்குளில் வைக்கும் ஊன்றுகோல் என்றால் மேல் கட்டைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் உள்ளங்கையில் விழ வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு பாதித்து கை மரத்துப் போகும்.

மோனோபாட் என்று ஒற்றைக் கால் கம்பி ஒன்று போட்டோ கடைகளில் விற்கிறது. கேமராவின் பாரத்தை அது தாங்கும், நம் கைக்கு ஓய்வு. நல்ல சாமான்தான். ஆனால் அதைக் கைத்தடியாக ஊன்றி நடக்காதீர்கள். மனித உடம்பின் எடைக்காக அதைச் செய்யவில்லை, பூட்டு நழுவினால் ஆள் கீழே. டிரைபாடைப் பிடித்துச் சாய்ந்து நிற்பதும் அப்படியே.

தோள் பை நொண்டி நடப்பவருக்கு மோசமான பை. ஒரு பக்கம் இழுக்கும். முதுகுப் பை பரவாயில்லை, ஆனால் படியில் பின்னால் இழுக்கும். இடுப்பு பெல்ட் பையில் பேட்டரி, மெமரி கார்டு, ஒரு பிளாஷ், அவ்வளவே போதும். மீதியெல்லாம் சக்கரத்தில் ஏற வேண்டும்.

அந்தச் சக்கரத்தில்தான் நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். ஒரகடம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் 1,800 ரூபாய்க்குச் சின்ன டிராலி செய்தோம். பட்டறைத் தரையில் அழகாக ஓடியது. மண்டப வாசலில் ஜல்லியில் சிக்கியது, உள்ளே கார்ப்பெட்டில் சுருட்டிக்கொண்டது. இரண்டு அங்குலச் சக்கரம்! பிறகு ஐந்து அங்குல ரப்பர் சக்கரம் போட்டோம். பின்னால் இரண்டு நேராக ஓடுவது, முன்னால் இரண்டு திரும்புவது, அதில் ஒன்றுக்குப் பிரேக். கைப்பிடியை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்ததும் குனியாமல் தள்ள முடிந்தது. கனமான சாமான் அடியில், லேசானது மேலே.

இரண்டு கையாலும் பிடித்து நடக்க வேண்டியவர்களுக்குச் சக்கரம் வைத்த வாக்கர் நல்லது. உட்காரும் பலகையும் கைப் பிரேக்கும் உள்ளதாகப் பாருங்கள். பிரேக் போட்டு உட்கார்ந்தே படம் எடுக்கலாம். உட்கார்ந்திருப்பவரை அதில் வைத்துத் தள்ளக் கூடாது, கவிழும். அதெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு மடக்கு ஸ்டூல். மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள்? ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்தால் முகம் நேராக வருகிறது. நின்று எடுப்பவர்கள் படத்தில் உச்சந்தலைதான் அதிகம் என்று அவரே சொல்லிச் சிரித்தார். பெரிய ஜூம் லென்ஸ் 1,500 கிராம் கூடுதல்தான், ஆனால் இருபது தடவை முன்னும் பின்னும் நடப்பதை அது மிச்சப்படுத்துகிறது. மோனோபாடில் மாட்டினால் கையும் வலிக்காது.

சக்கர நாற்காலியில் இருந்து படம் எடுப்பவர்களும் உண்டு. நாற்காலியின் பின் கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள், சாய்வுதளத்தில் ஏறும்போது மல்லாந்துவிடும். மடியிலோ சீட்டுக்கு அடியிலோ வையுங்கள். சாய்வுதளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. மூன்று படி, படிக்கு அரை அடி என்றால் ஒன்றரை அடி உயரம், பதினெட்டு அடி நீளம் வேண்டும். மண்டபத்துக்காரர் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு "இதுதாம்மா ராம்ப்" என்றால் நம்பி ஏறாதீர்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவி மையமும் நியோமோஷன் நிறுவனமும் சேர்ந்து, சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டி ரோட்டில் ஓட்டும் நியோபோல்ட் என்ற பேட்டரி வண்டியை 2021-ல் வெளியிட்டார்கள். ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர் வரை ஓடும், அப்போது சொன்ன விலை 55,000 ரூபாய். கண்டெய்னர் லாரி ஓடும் நம் ஒரகடம் ரோட்டில் எல்லோரும் அதை ஓட்டலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உள் தெருக்களுக்கு உதவும்.

இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழக அரசு இலவசமாகத் தருகிறது. ஒரு கால் மட்டும் பாதித்தவர்கள் விண்ணப்பிக்கலாமா என்று காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், விதிகள் மாறுவது உண்டு. போகும்போது யூ.டி.ஐ.டி. எனும் தனித்துவ அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எடுத்துப் போங்கள். அட்டை இல்லை என்றால் முதல் வேலை அதுதான்.

ஜோவா சில்வா என்ற பத்திரிகைப் போட்டோகிராபரைப் பற்றி அந்த உறுப்பினரிடம் சொன்னோம். 2010-ல் ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் இரண்டு கால்களையும் இழந்தவர். அடுத்த ஆண்டே செயற்கைக் காலோடு எடுத்த படம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது. கேட்டுவிட்டு அவர், "அவருக்குப் பெரிய பத்திரிகை இருந்தது மேடம். எனக்கு நம்ம குழுதானே?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

மறு கூட்டத்தில் கடன் மனுவைப் புதிதாக எழுதி வைத்தார். கேமராவுக்கு 40,000. டிராலி 1,800, மோனோபாட் 1,500, ஸ்டூல் 700, பெல்ட் பை 600. மொத்தம் 44,600. தையல் மெஷினுக்குக் கடன் கொடுக்கும்போது மோட்டாருக்கும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம், அப்படித்தான் இதுவும் என்று நாங்கள் இந்த முறை எழுந்து சொன்னோம். முதலில் கேள்வி கேட்ட அதே அக்கா டிராலியை இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "லைட்டைத் தூக்க என் பையனைக் கூட அனுப்புறேன், நாளைக்கு முந்நூறு குடுத்துடு" என்றார். கூலியையும் கணக்கில் சேர்த்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. காலிப்பருக்கு அளவு கொடுத்தாகிவிட்டது, இன்னும் கைக்கு வரவில்லை.

உங்கள் குழுவில் நடக்கச் சிரமப்பட்டுக்கொண்டே தொழில் செய்பவர்கள் இருந்தால், போட்டோ தொழில்தான் என்று இல்லை, பூக்கூடையோ புடவை மூட்டையோ எதுவானாலும் சரி, அடுத்த கூட்டத்துக்கு முன் அந்தச் சுமையைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எது உடம்பில், எது சக்கரத்தில் என்று சேர்ந்து உட்கார்ந்து பிரிப்போம். அளவு டேப்பை நாங்கள் கொண்டு வருகிறோம்.