ரத்தம் நின்றாலும் சிஸ்டோஸ்கோப்பியைத் தள்ளிப் போடாதீர்கள்

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனால், கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்கள்: "சூடுங்க. இளநி குடிங்க, பார்லி குடிங்க." என் அப்பாவுக்கும் அதையே சொன்னார்கள். சில நாளில் நிறம் தெளிந்ததும், "அதான் சரியாப் போச்சேடா, அப்பறம் எதுக்குக் குழாய் விட்டுப் பாக்கணும்?" என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார்.

சேலத்தில் பார்த்த யூராலஜி டாக்டர்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்தார். வலியில்லாமல் ரத்தம் போவதும், தானே நின்று, பிறகு திரும்ப வருவதும் சிறுநீர்ப்பைக் கட்டியில் அடிக்கடி காண்பது. சின்னக் கட்டி ஸ்கேனுக்குத் தப்பலாம். சிஸ்டோஸ்கோப்பி என்ற கேமராக் குழாய் சிறுநீர்ப்பைக்குள்ளே போய்ப் பார்த்தால்தான் உறுதி.

அவர் பீடியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகையிலைதான். அடுத்த கேள்வி, "சாய வேலை செஞ்சிருக்கீங்களா?" சாயத் தொழிலாளர்களுக்கு இந்தக் கட்டி வருவதை ஜெர்மனி மருத்துவர் லுட்விக் ரேன் 1895இலேயே எடுத்துச் சொன்னார். பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப்பட்டறைகளில் உழைத்தவர்கள், விட்டுப் பல வருடம் ஆகியிருந்தாலும், அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோய் இருபது, முப்பது வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

அப்பாவுக்குச் சின்னதாகக் கட்டி இருந்தது, எடுத்தாகிவிட்டது. திரும்ப வளர்கிறதா என்று பார்க்க மறுபடி மறுபடி ஸ்கோப் பார்க்க வேண்டியிருப்பதால், துணைக்குப் போய்ப் போய் எனக்கும் சில விஷயம் பிடிபட்டது.

நாள் குறிக்கும்போதே, மரத்துப்போகும் ஜெல்லி வைத்துச் செய்யும் வளையும் குழாயா, முதுகில் ஊசி போட்டுச் செய்வதா என்று கேளுங்கள். ஜெல்லி என்றால் பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டே போகலாம். முதுகில் ஊசி என்றால் வெறும் வயிறு. அன்று சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எப்படி என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி தெரிந்தால் தேதியைத் தள்ளி வைப்பார்கள். அதில் மனம் சலிக்க வேண்டாம், கிருமியோடு குழாய் விட்டால் காய்ச்சல் கண்டுவிடும். பழைய ஸ்கேன், ரத்த ரிப்போர்ட், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

ஜெல்லியை உள்ளே செலுத்தியதும் சில நிமிடமாவது காத்திருந்தால்தான் மரத்துப்போகும். அவசரப்பட்டால் வலி கூடும். ஆண்களுக்குக் குழாய் ஓரிடத்தில் இறுக்கமாகப் படும். அந்த நேரம் நர்ஸம்மா அப்பாவிடம், "ஐயா, ஒண்ணுக்குப் போற மாதிரி நெனச்சு லேசா விடுங்க, கால் விரலை ஆட்டுங்க" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மெதுவாக விட்டார், விறைத்திருந்த தொடை தளர்ந்தது, குழாய் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அதன்பின் தண்ணீர் ஏற்றிச் சிறுநீர்ப்பையை விரிப்பார்கள். முட்டிக்கொண்டு வருவது போலிருக்கும். பார்க்கிற நேரம் சில நிமிடம்தான். பயாப்ஸி எடுத்தால் கூடும்.

ஆஸ்பத்திரியில் ஒருமுறையாவது சிறுநீர் கழித்த பிறகே கிளம்புங்கள். சேலத்திலிருந்து நாமக்கல் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். எரிச்சலோடு அடக்கி உட்கார்ந்திருப்பது கொடுமை. கார் கிடைத்தால் நல்லது. வேட்டியோ லுங்கியோ கட்டிப் போவது எல்லா வகையிலும் வசதி. பெண்களுக்கு நைட்டி. டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவர்கள் நன்றாகத் தண்ணீர் குடிக்கலாம். ஒன்றிரண்டு நாள் எரிச்சலும் லேசான ரோஸ் நிறமும் இருக்கும். குளிர்க்காய்ச்சல், ரத்தக்கட்டி, சிறுநீர் அறவே இறங்காதது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லாரிக்காரர் வீட்டுப் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் பாதி வழியிலிருந்து போனில், "செவப்பாப் போகுது, வலியெல்லாம் இல்ல" என்று சொன்னால், லோடு இறக்கிவிட்டு வந்ததும் முதல் வேலையாக யூராலஜி டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதற்குள் நின்றுவிட்டது என்றாலும் கூட்டிப் போங்கள்.