தொண்டையில் தைத்த மீன்முள்

மீன்முள் தொண்டையில் தைத்தால் என்ன செய்வது? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், “சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கு” என்பார்கள். மருத்துவம் பயிலும் நான் விடுமுறைக்குக் காந்தலூர் செல்லும்போதெல்லாம் இவ்வழக்கைப் பற்றிப் பேச நேர்கிறது. கடற்கரையூரைவிட எங்கள் மலையூருக்கே இது பெரிய கேள்வி. பூண்டும் உருளைக்கிழங்கும் இங்கே விளையும். மீன் கீழிருந்துதான் ஏறி வரவேண்டும். முள் சிக்கினாலோ, அதை எடுக்கும் மருத்துவரைத் தேடி நாம் கீழே இறங்கவேண்டும். மறையூரையும் சின்னாற்றுக் காட்டையும் கடந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் பாதையில் இரவில் யானை நின்றால், அது விலகும்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே, எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு உடனே புறப்படவேண்டும் என்று அறிவதே முதற்பாடம்.

எல்லா மீனும் ஒன்றல்ல. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களின் சதைக்குள் கவைபோலப் பிளந்த நுண்முட்கள் புதைந்திருக்கும்; கண்ணுக்கும் நாவுக்கும் அவை எளிதில் தப்பிவிடும். பொய்ப்பல் அணிந்த முதியோருக்கு இடர் மிகுதி. அண்ணத்தை மூடிய தட்டு, முள்ளை உணரும் ஆற்றலைக் குறைத்துவிடுகிறது.

முள் பெரும்பாலும் உள்நாக்குச் சதையிலோ நாவின் அடியிலோ தைக்கும். வாயைத் திறந்து நல்ல வெளிச்சத்தில் பார்த்து, மருத்துவர் இடுக்கியால் எடுத்துவிடுவார். அதற்குக் கீழே உணவுக்குழல் தொடங்கும் இடமே மிகக் குறுகலானது. அங்கும் முள் தங்கும். மேலே தைத்த முள்ளை நோயாளி விரலால் சுட்டிக்காட்டுவார். நெஞ்சுக்குள் இறங்கியதை அவ்வாறு காட்ட இயலாது. ஏதோ அடைக்கிறது என்றே கூறுவார்.

இனிச் சோற்றுருண்டைக்கு வருவோம். அதனால் முள் இறங்கியவர்கள் உண்டு. அவர்களே இவ்வழக்கத்துக்குச் சான்று சொல்கிறார்கள். ஆனால் உருண்டை முள்ளை அறிந்து தள்ளுவதில்லை. மேலோட்டமாகத் தைத்ததை ஆழமாக அழுத்தவும், எளிதில் எட்டும் இடத்திலிருந்து எட்டாத இடத்துக்குத் தள்ளவும் கூடும். வயிறு நிறைந்திருந்தால் பின்னர் மயக்கமருந்து கொடுப்பதும் இடர். புளிக்காடி குடிப்பதிலும் பயனில்லை. தொண்டையைக் கடக்கும் நொடிப்பொழுதில் அது எலும்பைக் கரைக்காது. விரலைவிட்டுத் துழாவுவது புண்ணையே தரும்.

ஹாங்காங் மருத்துவர்கள் முள் விழுங்கியதாக வந்த 358 பேரை ஆராய்ந்து 1990இல் முடிவை வெளியிட்டனர். முள் அகப்பட்டது 117 பேரிடமே. ஏனையோருக்குக் குத்தல் எப்படி வந்தது? முள் இறங்கும்போது கீறிச் சென்ற தடமும் முள் இருப்பதுபோலவே உறுத்தும். எனவே குத்தல் இலேசாக இருந்து, எச்சில் தடையின்றி இறங்கி, நேரம் ஆக ஆகக் குறைந்து வருமாயின் அஞ்சவேண்டாம். ஒருநாள் கடந்தும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் காட்டுவதே முறை. எக்ஸ்ரேயில் முள் தெரியவில்லை என்பதால் முள் இல்லை என்று கொள்ளலாகாது. மெல்லிய முட்கள் பல அதில் விழுவதில்லை. ஐயம் வலுத்தால் சி.டி. படமே துணை.

எச்சிலையும் விழுங்க இயலாமை, நெஞ்சுவலி, காய்ச்சல், கழுத்து வீக்கம், இரத்த வாந்தி: இவற்றுள் ஒன்று தோன்றினும் அந்நேரமே புறப்படவேண்டும். உணவுக்குழலை ஒட்டியே பெருந்தமனி செல்கிறது. அதை முள் துளைத்து உயிர் போனதும் உண்டு. முதலில் சிறிது இரத்தம் கக்கி, பிறகு நலமானதுபோல் ஓர் இடைவெளி வந்து, அதன்பின் பெருக்கெடுக்கும். அந்த இடைவெளியை நம்பி வீட்டில் தங்குவது கொடிது. கூரிய பொருள் உணவுக்குழலில் சிக்கியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் ஆறு மணிக்குள் எடுக்கவேண்டும் என்று 2016இல் ஐரோப்பிய மருத்துவர் சங்கம் வகுத்தது. மலைப்பாதைக்கு ஆகும் நேரத்தையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்க.

எண்டோஸ்கோப் எனும் உள்நோக்கிக்கு முன்னோடி 1868இல் பிறந்தது. ஜெர்மானியராகிய குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டையில் நேரான குழாயைச் செலுத்திக் காட்டினார். வித்தைக்காரரின்றி அக்கலை எவ்வளவு காலம் தாழ்ந்திருக்குமோ!

இரைப்பையைக் கடந்த முள் பெரும்பாலும் தானே வெளியேறும். அரிதாகச் சிறுகுடல் முடிவில் துளைத்து, குடல்வால் அழற்சிபோல் வலப்பக்க வலியைத் தரும். முள் விழுங்கிய நினைவே பலருக்கு இராது. வயிற்றுவலியோடு வருபவரிடம் சென்ற வாரம் மீன் உண்டீரா என்று கேட்க எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். மருத்துவரிடம் செல்வோர் எந்த மீன், எத்தனை மணிக்கு, கடைசியாக உண்டது எப்போது, பொய்ப்பல் உண்டா என்பவற்றைச் சொல்லுங்கள். உண்ட மீனின் முள் ஒன்று தட்டில் மிஞ்சியிருந்தால் அதையும் தாளில் மடித்துக் கொண்டுசெல்லுங்கள்.