பத்தாந் தரத்தில் எந்தப் பாடம்?



ஒன்பதாந் தரம் முடிந்து பத்தாந் தரத்துக்குப் போகும்போது, சாதாரண தரப் பரீட்சைக்கு எந்தெந்தப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று பாடசாலையில் கேட்பார்கள். "கூட்டாளி எடுத்ததையே எடு" என்று பல வீடுகளில் ஐந்து நிமிசத்தில் இந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டு வருசம் படிக்கப்போகிற பாடம் அது. அதனால் இந்த முறை அதைப் பற்றிப் பார்ப்போம்.

ஓ.எல். பரீட்சைக்கு மொத்தம் 9 பாடங்கள். இவற்றில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்ற 6 பாடங்களும் எல்லாருக்கும் கட்டாயம். மீதி 3 பாடங்களை மூன்று தொகுதிகளில் இருந்து, தொகுதிக்கு ஒன்றாகப் பிள்ளை தெரிவு செய்யலாம். புவியியல், குடியியற்கல்வி, வணிகமும் கணக்கீடும், இரண்டாம் மொழியாகிய சிங்களம் எல்லாம் ஒரே தொகுதியில்தான் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டியதுதான். சிக்கலே இங்கேதான்.

"சரித்திரம் சோறு போடுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வரலாறு கட்டாயப் பாடம். அதில் சித்தியடைந்தால் உயர்தரத்துக்குப் போகத் தேவையான சித்திகளில் ஒன்று கையில் இருக்கும். அதோடு, நம்முடைய சொந்தக் கதையை விளங்கிக்கொள்ளவும் இந்தப் பாடம் வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் முடிவானது. அந்த மீதிப் பேரை 1974இல் இரண்டு நாடும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது.

தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு பிரஜாவுரிமைப் பத்திரம் கிடந்தால், அது எந்த வருசத்துச் சட்டப்படி வந்தது என்று பிள்ளை சொல்லிவிடும். பெரியப்பா குடும்பம் ஏன் கப்பலேறியது, நாம ஏன் இங்கேயே நின்றோம் என்பதும் அப்போது தெரியவரும்.

இப்போது தெரிவுப் பாடங்களுக்கு வருவோம்.

புவியியல்: 50,000க்கு 1 என்ற அளவுத்திட்டமுள்ள படத்தில் 2 சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் 1 கிலோமீற்றர். சமவுயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு செங்குத்து. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியதை மறக்க முடியுமா? எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதைப் படத்தில் பார்த்துப் பேசத் தெரிந்த ஒரு பிள்ளை தோட்டத்தில் இருப்பது நல்லது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டும் காலத்தில், ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசி, தேயிலைக்கு நல்ல மணம் வருவது ஏன் என்பதும் இந்தப் பாடத்தில்தான் வரும்.

குடியியற்கல்வி: அரசியலமைப்பு, வாக்கு, உள்ளூராட்சி சபை என்பவற்றை இது சொல்லித்தருகிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்து ரோட்டுக்குச் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி வந்தது. இது தெரிந்தவர் சபைக்குப் போய்த் தைரியமாகக் கேட்கலாம்.

சிங்களம்: டவுனில் வேலை, கந்தோர்க் காரியம் இரண்டுக்கும் இது வேண்டும். இதையும் தள்ளிவிட முடியாது. பிள்ளை ஏற்கெனவே ஓரளவு சிங்களம் பேசுகிறதா, வெளியில் படிக்க வசதி உண்டா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

முடிவெடுக்குமுன் இந்த மூன்றையும் விசாரியுங்கள்:

1. அந்தப் பாடத்துக்குப் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா? ஆசிரியர் இல்லாத பாடத்தில் பிள்ளை தனியாகத் திண்டாடும்.

2. உயர்தரத்தில் என்ன படிக்கப்போகிறது? கலைப் பிரிவில் 3 பாடங்கள் எடுக்கவேண்டும். புவியியல், வரலாறு, அரசறிவியல் எல்லாம் அங்கே உண்டு. குடியியல் படித்த பிள்ளைக்கு அரசறிவியல் புதிசாக இருக்காது. கலைப் பிரிவில் நன்றாகச் செய்தால் பல்கலைக்கழகமோ, பத்தனை ஸ்ரீபாத போன்ற கல்வியியற் கல்லூரியோ கிடைக்க வழியுண்டு.

3. பிள்ளைக்கு எது பிடிக்கும்? அதை அதன் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

பாடத்திட்டம் அவ்வப்போது மாறும். ஆகவே கடைசியாக அதிபரிடமோ வகுப்பாசிரியரிடமோ நேரில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அன்றைக்கு அரை நாள் பெயர் போனாலும் பரவாயில்லை, அம்மா அப்பா இரண்டு பேரில் ஒருவராவது போய் வாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: வீட்டிலுள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய செக்ரோல் துண்டு எல்லாவற்றையும் வருச ஒழுங்கில் அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அந்த வருசம் நாட்டில் என்ன நடந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். இடையில் விடுபட்ட வருசங்களைப் பாட்டியிடம் கேட்டு நிரப்புங்கள்.