தமிழ் அச்சின் தொடக்கம்: கொல்லமும் தரங்கம்பாடியும்

முன்னுரை

தமிழ் அச்சுக்கலை 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்குவால் தொடங்கப்பெற்றது என்னும் கருத்து பொதுவழக்கில் இன்றும் நிலவுகிறது. இக்கருத்து, அதற்கு முந்தைய ஏறத்தாழ 135 ஆண்டுக்கால வரலாற்றை மறைத்துவிடுகிறது.

நூல்தரும் சான்று

1554இல் லிசுபனில் வெளிவந்த தமிழ்ச் சமயநூல் உரோமன் எழுத்தில் அமைந்தது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’ ஆகும். அண்டிரிக் அடிகளாரின் இம்மொழிபெயர்ப்பு 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. பதினாறே பக்கங்கள் கொண்ட இந்நூல், 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் வார்க்கப்பெற்ற இருவகை எழுத்துருக்களைக் காட்டுகிறது. மெய்யெழுத்துகள் புள்ளியின்றி அமைந்துள்ளமையால் ஓலைச்சுவடி மரபே அச்சிலும் தொடர்ந்தது என அறியலாம். 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’ ஆகியவை தொடர்ந்தன. முத்துக்குளித்துறைப் பரதவர் அளித்த பொருளுதவி இம்முயற்சிக்குத் துணைநின்றது. எனவே, இதனை அயல்நாட்டார் பணியாக மட்டும் கருதுவதும் பொருந்தாது.

பிழையின் காரணம்

தொடக்ககால நூல்களின் படிகள் தமிழகத்தில் கிடைத்தற்கரியனவாயின. 1578ஆம் ஆண்டு நூலின் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. மாறாக, தரங்கம்பாடி அச்சகம் தொடர்ந்து இயங்கியது. அதன் பணிகள் பற்றிய அறிக்கைகள் செர்மனியின் ஹாலே நகரில் அச்சிடப்பெற்றுப் பரவின. ஆவணம் மிகுந்த இடமே தொடக்கமாகவும் கருதப்பட்டது.

சீகன்பால்குவின் இடம்

இத்திருத்தம் சீகன்பால்குவின் பெருமையைக் குறைப்பதன்று. ஹாலேயில் வார்க்கப்பெற்ற தமிழ் எழுத்துகளைக் கொண்டு 1713இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சுப்பணி தொடங்கியது. புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. அவர் தொகுத்த தமிழ்ச் சுவடிப் பட்டியலில் கத்தோலிக்க நூல்களும் இடம்பெற்றுள்ளன. முன்னோர் ஆக்கங்களை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு அதுவே சான்றாகும்.

முடிவுரை

தமிழ் அச்சின் தொடக்கம் கொல்லத்திற்குரியது. அதன் தொடர்ச்சியை நிலைநிறுத்திய சிறப்பு தரங்கம்பாடிக்குரியது. இவ்வேறுபாட்டைப் பேணாவிடின், பரதவர் பங்களிப்பும் 16ஆம் நூற்றாண்டு உரைநடைச் சான்றுகளும் தமிழ் உரைநடை வரலாற்றிலிருந்து விடுபட்டுப்போகும்.